உயர்தரத்தில் உளவியல்: மலையகத்து மாணவர் எதை எடுப்பது?

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு, உயர்தர விண்ணப்பப் படிவத்தை வைத்துக்கொண்டு "உளவியல் எந்தப் பிரிவில இருக்கு சேர்?" என்று கேட்கும் பிள்ளைகள் வருடாவருடம் இருக்கிறார்கள். எந்தப் பிரிவிலும் இல்லை என்பதுதான் பதில். பரீட்சைத் திணைக்களம் நடத்தும் க.பொ.த. உயர்தரத்தில் கலை, வர்த்தகம், உயிரியல், பௌதிகம், தொழினுட்பம் என்று எதை எடுத்தாலும் உளவியல் தனிப்பாடமாகக் கிடையாது. அதைப் பாடமாகவே படிக்க வேண்டுமென்றால் கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்செல் என்ற பிரித்தானியப் பரீட்சைக்குத்தான் போக வேண்டும். இரண்டையும் சேர்த்து நம்மவர் 'லண்டன் ஏ/எல்' என்பார்கள்.

ஆகவே உளவியல் ஆசையுள்ள ஒருவருக்கு லண்டன் ஏ/எல், உள்ளூர்க் கலைப் பிரிவு, உயிரியல் பிரிவு ஆகிய மூன்றும்தான் பெரிய வழிகள். பலருக்குத் தெரியாத நாலாவது ஒன்றும் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

எடைபோடத் தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். உளவியல் பட்டத்துக்குச் சேர உயர்தரத்தில் உளவியல் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இலங்கை அரச பல்கலைக்கழகங்களில் இல்லை. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களும் பொதுவாக அப்படிக் கேட்பதில்லை. பட்டப்படிப்பின் முதலாம் ஆண்டு அரிச்சுவடியிலிருந்தே தொடங்கும். அதனால் "இப்போதே உளவியல் எடுக்காவிட்டால் பிறகு முடியாது" என்று யாராவது வகுப்புக்கு ஆள் சேர்த்தால் அதை நம்பிக் காசு கட்ட வேண்டாம். பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கித் தரக்கூடிய பாடங்கள் எவை என்பதுதான் இந்த இரண்டு வருடத்தில் பார்க்க வேண்டியது.

லண்டன் ஏ/எல்: உள்ளே என்ன இருக்கிறது?

கேம்பிரிட்ஜ் உளவியலில் நான்கு தாள்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், 60 புள்ளி, மொத்தத்தில் 25 சதவீதம். முதல் இரண்டும் ஏ.எஸ். எனப்படும் முதற்பாதிக் கட்டம். ஒன்று 12 அடிப்படை ஆய்வுகளைப் பற்றியது, மற்றது ஆய்வு முறைகள். பின்னிரண்டுக்கு சிகிச்சை, நுகர்வோர், சுகாதாரம், நிறுவனம் என்ற நான்கு துறைகளில் இரண்டைத் தெரிவுசெய்ய வேண்டும். எடெக்செல்லிலும் நான்கு அலகுகள்தான். ஆனால் 64, 96, 64, 96 என்று மொத்தம் 320 புள்ளி. அலகு அலகாக எழுதலாம், சறுக்கிய அலகைத் திரும்ப எழுதலாம். ஆண்டில் ஜனவரி, ஜூன், ஒக்டோபர் என்று மூன்று தடவை பரீட்சை வரும். வீட்டிலிருந்து தனியாகப் படிக்கிறவருக்கு எடெக்செல்லின் இந்த வசதி பெரிய ஆறுதல்.

பாடம் எப்படிப்பட்டது என்பதற்கு கேம்பிரிட்ஜின் 12 ஆய்வுகளில் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். 1961இல் வெளியான, உளவியலாளர் பண்டுராவின் பொபோ பொம்மை ஆய்வு அது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில் 36 ஆண், 36 பெண் என்று 72 பிள்ளைகள். 24 பேருக்கு முன்னால் பெரியவர் ஒருவர் பொம்மையை அடித்து உதைத்தார். இன்னொரு 24 பேர் முன்னால் அவர் பொம்மையைக் கவனிக்காமல் அமைதியாக விளையாடினார். மீதி 24 பேர் யாரையும் பார்க்காத கட்டுப்பாட்டுக் குழு. அடியைப் பார்த்த பிள்ளைகள் பிறகு தாங்களும் அதேபோல அடித்தார்கள். கதை இவ்வளவுதான், ஒரு தடவை கேட்டால் மறக்காது.

பரீட்சையில் கேட்பது இந்தக் கதையை அல்ல. "பிள்ளைகளை ஏன் முதலில் முரட்டுத்தனத்தின் அளவுப்படி பொருத்தினார்கள்?" என்று கேட்பார்கள். இயல்பிலேயே முரடான பிள்ளைகள் எல்லாரும் ஒரே குழுவில் விழுந்துவிட்டால், பிறகு கண்ட வித்தியாசம் பெரியவரைப் பார்த்ததால் வந்ததா, பிள்ளைகளின் சுபாவத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது. அதனால்தான். அடுத்து, அந்த முரட்டுத்தனத்தை அளந்தது யார், இருவர் தனித்தனியே தந்த மதிப்பீடு எவ்வளவு ஒத்துப்போனது என்று கேட்பார்கள். 51 பிள்ளைகளுக்கு இரண்டு பேர் மதிப்பிட்டார்கள், ஒத்துப்போகும் அளவைக் காட்டும் இணைபுக் குணகம் 0.89. இதுதான் நம்பகம். இதையும் தகுதியையும் (அளக்க நினைத்ததைத்தான் அளந்தோமா என்பதையும்) குழப்பிக்கொள்வது புதிதாகப் படிப்பவர் எல்லாரும் விடும் பிழை. பத்துப் புள்ளி மதிப்பீட்டுக் கேள்விக்கு முக்கால் பக்கம் பொம்மை அடி வாங்கிய விதத்தை எழுதிவிட்டு, கடைசி இரண்டு வரியில் "இது நல்ல ஆய்வு" என்று முடித்தால் புள்ளி மிகவும் குறையும்.

எடெக்செல்லில் இதற்கு மேல் கணக்கும் உண்டு. மான்-விட்னி, வில்கொக்சன், கை-வர்க்கம், ஸ்பியர்மன் என்று நான்கு புள்ளிவிபரச் சோதனைகள். எந்தத் தரவுக்கு எது என்று தெரிந்து, கணித்து, அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். கணிதத்துக்குப் பயந்து உளவியல் பக்கம் வருகிறவருக்கு இங்கே கசக்கும்.

இனி மலையகத்தில் நின்று இதைப் பார்ப்போம். முதல் தடை மொழி. சாதாரண தரம் வரை எல்லாவற்றையும் தமிழில் படித்த பிள்ளை, ஒரே தாவலில் ஆங்கிலத்தில் 'மதிப்பிடுக', 'ஒப்பிடுக' வகைப் பத்தி எழுத வேண்டும். உளவியலில் புள்ளி விழுவது எழுத்து விளக்கத்துக்கே. இரசாயனம்போல சமன்பாடு எழுதித் தப்பிக்க இடமில்லை. இரண்டாவது ஆசிரியர். இணையவழி வகுப்பு இருக்கிறது, ஆனால் மழை பிடித்தால் சிக்னல் போகும் தோட்ட டிவிஷன்களில் அதை மட்டும் நம்பி இரண்டு வருடம் ஓட்டுவது கஷ்டம். மூன்றாவது காசு. பரீட்சைக் கட்டணம் பிரித்தானியப் பவுண் நாணயத்தின் விலையோடு ஏறும். அது ஒரு பாடத்துக்கு மட்டும். லண்டன் ஏ/எல் என்றால் பொதுவாக மூன்று பாடம்.

பெரிய தடை நாலாவதுதான், அதைப் பெற்றோரிடம் யாரும் சொல்வதில்லை. லண்டன் ஏ/எல் எழுதினால், அரச பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி கிடைக்காது. உள்நாட்டு மாணவர் அரச பல்கலைக்கழகத்துக்கு வழமையான அனுமதி பெறுவது உள்ளூர் உயர்தரத்தின் வழியே. ஆக, லண்டன் உளவியலில் 'ஏ' எடுத்தாலும் பேராதனையோ யாழ்ப்பாணமோ அந்த வழியில் திறக்காது. பிறகு மிஞ்சுவது தனியார் பட்டமும் வெளிநாடும்தான். அந்தச் செலவு பட்டம் முடியும்வரை தொடரும் என்பதை முதல் நாளே குடும்பம் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். நடுவில் பணம் நின்றால் கையில் இசட் புள்ளியும் இல்லை, பட்டமும் இல்லை.

ஏற்கெனவே ஆங்கில மொழிமூலத்தில் படித்து, பட்டம்வரை செலவழிக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு லண்டன் உளவியல் நல்ல தெரிவு. பாடத்திட்டம் சுவையானது, ஆய்வு முறை நன்றாகப் பதியும். மற்றவர்களுக்கு நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

கலைப் பிரிவு: பேர் இல்லாமல் உளவியல்

உள்ளூர் கலைப் பிரிவில் உளவியலுக்கு மிக நெருங்கிய பாடம் அளவையியலும் விஞ்ஞானமுறையும். பெயரைக் கேட்டு ஓடுகிறவர்கள் அதிகம். உண்மை அட்டவணை, பெறுகை, குறியீட்டுத் தருக்கம் ஒரு பக்கம். கருதுகோள், தொகுத்தறிவு, பரிசோதனை, நிகழ்தகவு, விஞ்ஞான மெய்யியலாளர்களான பொப்பர், கூன் மறுபக்கம். பண்டுராவின் ஆய்வைப் பார்த்துக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அடிப்படை இந்த விஞ்ஞானமுறைப் பகுதியில் இருக்கிறது. பொப்பர் பொய்ப்பித்தல் பற்றிப் பேசும்போது உளவியல் கோட்பாட்டாளர்களான பிராய்டையும் அட்லரையும்தான் உதாரணத்துக்கு இழுத்தார்: எந்த நடத்தையைக் காட்டினாலும் அவர்களது கோட்பாடு விளக்கம் சொல்லிவிடும், ஆகவே அதைச் சோதிக்க முடியாது என்பது அவர் வாதம். உளவியல் மாணவர் பல்கலைக்கழகத்தில் சந்திக்கும் விவாதத்தை மலையகப் பாடசாலையில் தமிழிலேயே சந்திக்கலாம் என்றால் அது சிறிய விஷயமல்ல.

இதனோடு புவியியல் சேர்ந்தால் செய்முறைப் பகுதியில் புள்ளிவிபரம் கொஞ்சம் கைக்கு வரும். மூன்றாவதாக நன்றாகப் புள்ளி வரக்கூடிய ஒன்று: தமிழ், இந்து நாகரிகம், அரசறிவியல், எதுவாகவும் இருக்கலாம். எந்தப் பாடத்தோடு எதைச் சேர்க்கலாம் என்பதற்கு விதிகள் உண்டு. அதைப் பாடசாலையில் கேட்டு உறுதிசெய்த பிறகே படிவத்தில் எழுதுங்கள். அதைவிட முக்கியம், அந்தப் பாடசாலையில் அளவையியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்பது. தோட்டப்புறப் பாடசாலைகள் எல்லாவற்றிலும் இருப்பதில்லை. இல்லாத இடத்தில் பிடிவாதமாக எடுத்து, குறிப்புப் புத்தகத்தை மட்டும் வைத்துப் பெறுகை பழகுவது புத்திசாலித்தனமல்ல. அப்படியானால் ஆசிரியர் உள்ள பாடத்தை எடுங்கள்.

ஏனென்றால் இங்கே எல்லாம் இசட் புள்ளி. அது எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாடத்தெரிவில் பாதிக் குழப்பம் தீரும். உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையை, அதாவது சராசரியைக் கழித்து, புள்ளிகள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்று காட்டும் நியம விலகலால் வகுப்பார்கள். விளக்கத்துக்காக எண்களை வைத்துக்கொள்வோம். அளவையியலில் 62, இடை 45, விலகல் 15. 17ஐ 15ஆல் வகுத்தால் 1.1333. இன்னொரு பாடத்தில் 70. இடை 62, விலகல் 10. 8ஐ 10ஆல் வகுத்தால் 0.8. புள்ளித்தாளில் 70 பெரிது, இசட் புள்ளியில் 62 பெரிது. மூன்றாவது பாடத்தில் 58, இடை 50, விலகல் 16, 0.5. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 0.8111. "லேசான பாடம், எல்லாருக்கும் ஏ வரும்" என்று தேடிப்போகிறவர் ஏமாறும் இடம் இதுதான். எல்லாருக்கும் புள்ளி வரும் பாடத்தில் இடையும் ஏறிவிடும்.

மூன்று பாடத்திலும் ஒரே தடவையில் குறைந்தது 'எஸ்', பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி. இரண்டும் இருந்தால்தான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். பொதுப் பரீட்சையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, இசட் புள்ளியில் அது சேராது என்பதால். 30ஐத் தவறவிட்டால் மூன்று ஏயும் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

மாவட்டக் கணக்கும் இருக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமைப்படி, 55 சதவீதம் மாவட்ட சனத்தொகைப்படி, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி அந்தப் பதினாறில் அடக்கம். கண்டியும் மாத்தளையும் இல்லை. உங்கள் மாவட்டம் எது என்பது பிறந்த இடத்தைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுவதல்ல, படித்த பாடசாலையைப் பார்த்து. தலவாக்கலையிலிருந்து கண்டிக்கு மாறி உயர்தரம் படிக்க நினைப்பவர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் மாணவர் கைந்நூலில் அந்தப் பகுதியை வாசித்த பிறகு பெட்டி கட்டுவது நல்லது.

கலைப்பீடத்துக்குள் நுழைந்தாலே உளவியல் கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பேராதனைக் கலைப்பீடத்தில் உளவியல் துறை இருக்கிறது. யாழ்ப்பாணம், கொழும்பு, களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர ஆகியவற்றிலும் உளவியல் கற்பிக்கிறார்கள். ஆனால் பொதுவாக முதலாம் ஆண்டில் பல பாடம் படித்து, அந்தப் பெறுபேற்றை வைத்துத்தான் சிறப்புப் பட்டத்துக்கு ஆள் எடுப்பார்கள். உளவியலுக்குப் போட்டி அதிகம். எந்த மொழிமூலத்தில் நடக்கிறது என்பதும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறு. விருப்ப ஒழுங்கு எழுதும்போது இந்த இரண்டையும் பார்க்காமல், ஊருக்குக் கிட்ட என்பதற்காக மட்டும் எழுதி, பிறகு வேறு பாடத்தில் பட்டம் வாங்கி வருகிறவர்கள் உண்டு.

உயிரியல்: யாருக்கு?

மனநோய்க்கு மருந்து எழுதும் மருத்துவராக வேண்டும் என்றால் வேறு வழியே இல்லை: உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். பிறகு மருத்துவ பீடம் ஐந்து வருடம், உள்ளகப் பயிற்சி ஒரு வருடம், அதன் மேல் பட்டப்பின்படிப்பு மருத்துவ நிறுவகத்தில் உளமருத்துவம். சிகிச்சை உளவியலாளர் என்பவர் வேறு. அவர் உளவியலில் பட்டம் பெற்று, கொழும்பு மருத்துவ பீடம் நடத்துவது போன்ற முதுதத்துவமாணிப் படிப்பை முடித்தவர். மருந்து எழுத மாட்டார். பேசி ஆற்றுப்படுத்தும் உளவளத்துணையாளர் மூன்றாவது ஆள். இந்த மூன்று பேரையும் ஒரே 'சைக்கோலஜி டொக்டராக' எண்ணிக்கொண்டு வீட்டில் உயிரியலுக்குத் தள்ளுவதுதான் நாம் அடிக்கடி காணும் பிழை.

மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்கு சனி, ஞாயிறு பஸ் ஏறி, மூன்று பாடத்துக்கும் தியரி, ரிவிஷன், பேப்பர் என்று வகுப்பு ஓடுவது இரண்டு வருடம் நீளும். மலையகத்தில் விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை தீராத கதை என்பதால் வகுப்புச் செலவைத் தவிர்க்கவும் முடியாது. சாதாரண தர விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் 'பி'க்குக் கீழே எடுத்தவர் உளவியல் ஆசைக்காக மட்டும் இதில் இறங்குவது நட்டக் கணக்கு. நன்றாக எடுத்தவர் இறங்கலாம். மருத்துவம் கிடைக்காவிட்டாலும் தாதியர் பட்டம், களனிப் பல்கலைக்கழகம் றாகமையில் நடத்தும் பேச்சு, கேட்டல் விஞ்ஞானம் என்று மனித மனத்தோடு ஒட்டிய வேறு கதவுகள் இருக்கின்றன.

நாலாவது வழி

13 வருட உத்தரவாதக் கல்வியின் கீழ் சில பாடசாலைகளில் தொழில்சார் பிரிவு உண்டு. 2017இல் தொடங்கியது. அதன் பாடங்களில் ஒன்று சிறுவர் உளவியலும் பராமரிப்பும். உள்ளூர்ப் பாடசாலை முறையில், பன்னிரண்டு, பதின்மூன்றாம் தரத்தில், பெயரிலேயே உளவியல் உள்ள பாடம் இது. சாதாரண தரத்தில் சித்தியடையாதவரும் சேரலாம். முடிவில் தேசிய தொழிற்தகைமை (என்.வி.கியூ.) 4 மட்டச் சான்றிதழ். இதில் இசட் புள்ளி இல்லை, கலைப்பீடத்துக்கும் போக முடியாது. ஆனால் முன்பள்ளியிலோ, தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைத் தரம் உயர்த்திய சிறுவர் அபிவிருத்தி நிலையத்திலோ வேலை செய்ய ஆசைப்படுகிறவருக்கு, பிடிக்காத மூன்று கலைப் பாடத்தை இழுத்துக்கொண்டு போவதைவிட இது மேல். உங்கள் வலயத்தில் எந்தப் பாடசாலையில் நடக்கிறது என்று வலயக் கல்விப் பணிமனையில் கேட்கலாம்.

இசட் புள்ளி போதாமல் போனால்

இது நடக்கும், முதலிலேயே யோசித்து வைப்பதில் வெட்கமில்லை. திறந்த பல்கலைக்கழகத்தின் சுகாதார விஞ்ஞான பீடம் உளவியலில் நான்கு வருட சிறப்புப் பட்டம் நடத்துகிறது. இசட் புள்ளி கேட்காமல் தன் சொந்த விண்ணப்ப முறையில் சேர்ப்பது அதன் பலம். ஆங்கில மொழிமூலம் என்பதும் கட்டணமும் நமக்குப் பலவீனம். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவானால் கல்வி உளவியலை ஆசிரியப் பயிற்சியோடு சேர்த்துப் படிக்கலாம். மூன்று வருடப் பயிற்சி, அதில் கடைசி வருடம் பாடசாலையில். பிறகு ஆசிரியராக இருந்துகொண்டே உளவளத்துணைப் பக்கம் திரும்பலாம். மலையகத்தில் இது நடைமுறைக்கு மிக ஒத்த வழி என்பது எங்கள் எண்ணம். சமூகப்பணியில் ஆர்வமிருந்தால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் சமூகப்பணிப் பட்டத்தையும் பார்க்கலாம்.

நகரத்து மதிலெல்லாம் ஒட்டியிருக்கும் ஆறு மாத 'உளவியல் டிப்ளோமா'வைப் பற்றி ஒரு சொல். ஆர்வத்துக்காக, உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும் வரையான இடைவெளியில் செய்தால் நட்டமில்லை. அதை வைத்து யாரும் உளவியலாளராகிவிட முடியாது. உயர்தரம் நடக்கும்போது செய்தால் இசட் புள்ளிதான் அடிவாங்கும்.

எந்த வழியில் போனாலும் ஆங்கிலம் கூடவே வர வேண்டும். தமிழில் விரிவுரை நடந்தாலும் வாசிக்க வேண்டிய ஆய்வுக் கட்டுரை ஆங்கிலத்தில்தான் இருக்கும். உயர்தரப் பொது ஆங்கிலம் இசட் புள்ளியில் சேராது என்று அந்தப் பாடவேளையில் வெளியே போகிறவர்கள், நான்கு வருடம் கழித்து அதற்கு விலை கொடுக்கிறார்கள். கிழமைக்கு இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் உளவியல் வாசித்து, அரைப் பக்கத்தில் தமிழில் சாரம் எழுதிப் பழகினால் இரண்டு வருடத்தில் இருநூறு பக்கம் தாண்டும்.

இன்னொன்று. லயத்திலும் வீட்டிலும் குடி, சண்டை, உயிர்மாய்ப்பு என்று பார்த்து வளர்ந்ததால், அல்லது தன் மனமே பாரமாக இருப்பதால் உளவியல் படிக்க நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது நல்ல காரணம்தான். ஆனால் தன் வேதனைக்கு மருந்தாகப் பாடத்தை நம்பிப் பட்டம்வரை காத்திருக்கக் கூடாது. 1926 தேசிய மனநல உதவி இலக்கம், இன்றைக்கே அழைக்கலாம்.

படிவம் கொடுக்க இன்னும் இரண்டு கிழமை இருக்கிறதென்றால் இதைச் செய்து பாருங்கள். அளவையியல் கடந்தகால வினாத்தாள் ஒன்றை மூத்த மாணவர் யாரிடமாவது வாங்குங்கள். விஞ்ஞானமுறைப் பகுதியில் ஐந்து பல்தேர்வு வினாவை விடையோடு வைத்து, விடை ஏன் அது என்று விளங்குகிறதா பாருங்கள். பிறகு கேம்பிரிட்ஜ் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆய்வு முறைகள் மாதிரித்தாளை இறக்கி, முதல் இரண்டு பக்கத்தை அகராதியோடு வாசியுங்கள். தெரியாத சொல்லை எண்ணுங்கள். பக்கத்துக்கு முப்பதைத் தாண்டினால் லண்டன் கதையை மூடிவிட்டு உள்ளூர்ப் படிவத்தை நிரப்பலாம். சொல் விளங்கியும் கேள்வி அலுப்பைத் தந்தால், உங்களுக்குப் பிடித்தது ஆய்வா, ஆட்களோடு பேசிப் பழகும் வேலையா என்று யோசியுங்கள். ஆட்கள்தான் என்றால் பத்தனைக் கல்லூரிக்கும் சமூகப்பணிக்கும் எந்தப் பாடங்கள் வேண்டும் என்பதை முதலில் கேட்டு, அதற்கேற்றபடி படிவத்தை எழுதுங்கள்.